இடப்பக்கம் பார்க்கிற மாடு

நீக்கிலாப்பிள்ளைக்கும் எனக்கும் முதல் சண்டை ஒரு மாட்டால் வந்தது. உயிருள்ள மாடு அல்ல, றப்பர்ச் செருப்பில் செதுக்கிய மாடு.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் கதிரவேலு. யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஸ்ரேசனுக்குப் பின்னால், ரயில் ஓடாத தண்டவாளத்தைப் பார்த்தபடி எனக்கு ஒரு சின்ன அச்சகம். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், இவைதான் பிழைப்பு. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்துக்குப் பிறகு கரண்ட் இல்லை, மெஷினைக் காலால் மிதித்து ஓட்டினேன். தாளும் இல்லை, பள்ளிக்கூடக் கொப்பியைப் பிரித்துக் கோடு போட்ட தாளிலேயே அச்சடித்தேன். அந்த நேரத்தில் யாராவது புத்தகம் போட வேண்டும் என்று வந்து நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரிசிக்கு வரிசையில் நிற்கிற ஊரில் ஆருக்குப் புத்தகம் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். எனக்கு வாய் கூடாது என்று ஊரே சொல்லும்.

நீக்கிலாப்பிள்ளையிடமும் அப்படித்தான் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கொண்டுவந்த பிஸ்கட் ரின்னை என் மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் பழங்காசுகள், கறுப்பும் பச்சையுமாய்க் கிடந்தன.

"உது இந்த ஊரில எத்தினை வீட்டில கிடக்கு எண்டு உமக்குத் தெரியுமோ தம்பி?" என்றார். "என்னெண்டு தெரியாமல் பித்தளையோடை சேத்து நிறுத்துக் குடுக்கினம். பிள்ளையள் எறிஞ்சு விளையாடுதுகள். இதுதான் சாமான், இப்பிடித்தான் பாக்கவேணும் எண்டு சொல்ல எங்கடை பாசையில ஒரு புத்தகம் இருந்தா, ஒருத்தனாவது குடுக்க முன்னம் யோசிப்பான்."

அவர் குருநகர் ஆள். கடல் தொழில் செய்த குடும்பம். இவர் மட்டும் காங்கேசன்துறையில் ஸ்ரோர்க் கிளாக்காக இருந்து இளைப்பாறியவர். கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் மனைவி லூர்த்தம்மாவோடு கொக்குவிலுக்கு வந்து ஓர் அறையில் குடியிருந்தார். எல்லாரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓட, இவர் இந்த ரின்னையும் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் என்று லூர்த்தம்மா காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். சொல்லும்போது அவர் முகத்தில் கோபத்தைவிடப் பெருமைதான் கூட இருக்கும்.

அந்த இங்கிலீஷ் புத்தகம் பழம்பொருள் சேர்க்கிறவர்களுக்காக எழுதியது. கொழும்பில் நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கினாராம். ஒரு பின்னேரம் அதை இரவல் வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் காசைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கோப்பை, கடிகாரம், கரண்டி, கதிரைக் கால் என்று அவர்களுடைய சாமான்கள்தான் பக்கம் பக்கமாக இருந்தன. ஆனால் ஒரு கரண்டியின் பிடியை இவ்வளவு மரியாதையாக எழுத முடியுமா என்று நான் வாய் திறந்தபடி இருந்துவிட்டேன். படங்களின் அச்சு வேறு என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அப்படியான தாள் எனக்கு இந்தப் பிறவியில் கிடைக்காது.

பிறகு நீக்கிலாப்பிள்ளை எழுதியதைப் படித்தேன். 'பழங்காசு சேர்ப்போர் கைந்நூல்' என்று பெயர் வைத்திருந்தார். முதல் அத்தியாயம் முழுவதும் புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவனுக்குச் சொல்லும் புத்தி. 'காசை விளிம்பில் பிடி, முகத்தில் விரல் வைக்காதே.' 'எங்கே எடுத்தது என்று கேள், அது காசில் பாதி.' 'ஒருபோதும் மினுக்காதே. செம்பின் மேல் படிந்த களிம்பு அழுக்கு அல்ல, உருவம் அதில்தான் நிற்கிறது.' 'கையில் எடுத்துப் பார்க்காத காசைப் பற்றி எழுதாதே. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவை, பின்னால் வருகிறவன் கண்டுபிடிப்பான்.'

நான் அச்சுக்கோத்த எழுத்தில் முக்கால்வாசி செத்தவர்களைப் புகழ்ந்த எழுத்து. குணத்தின் குன்று, தர்மத்தின் தலைவன் என்று கோத்துக் கோத்துக் கை மரத்துப்போனவன். ஒரு மனிதன் தெரியாது என்று எழுதச் சொல்லிப் புத்தகம் போடுவதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை, கொப்பித்தாளில்தான் அடிப்பேன், குறை சொல்லக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

படம் போட வழியில்லாமல் இருந்தது. வெளியில் கொடுத்துப் பிளொக் என்கிற படக்கட்டை செய்விக்கிற காலம் முடிந்துவிட்டது. நீக்கிலாப்பிள்ளை அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் காசின் மேல் வைத்துப் பெருவிரலால் அமத்துவார், உருவம் தாளில் பொங்கி வரும். அதைப் பார்த்து, பழைய றப்பர்ச் செருப்பின் அடியை வட்டமாக வெட்டி, பிளேட்டால் செதுக்குவார். அதை ஒரு மரக்கட்டையில் ஒட்டி எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் பிளொக் ரெடி. அரசர் காலத்துக் காசெல்லாம் என் அச்சகத்தில் செருப்பிலிருந்துதான் பிறந்தது.

சண்டை அங்கேதான் வந்தது. அவர் முதலில் செதுக்கியது சேதுக்காசு. யாழ்ப்பாணத்து அரசர்கள் வெட்டிய செப்புக்காசு அது, ஒரு பக்கம் மாடு, மற்றப் பக்கம் சேது என்ற சொல். அவர் ரின்னில் இருந்த சேதுக்காசு எல்லாவற்றிலும் மாடு வலப்பக்கம் பார்த்தது. மனிதர் கண்ட மாதிரியே வலப்பக்கம் பார்க்கச் செதுக்கிக்கொண்டு வந்துவிட்டார். தாளில் அடித்தால் மாடு இடப்பக்கம் திரும்பி நின்றது.

"அண்ணை, அச்சில எல்லாம் மறுவளம்," என்று கத்தினேன். "கட்டையில இடப்பக்கம் பாத்தாத்தான் தாளில வலப்பக்கம் பாக்கும். முப்பது வருசமா நான் எழுத்தைத் தலைகீழா வாசிச்சுக்கொண்டிருக்கிறன், ஒரு சொல் கேட்டிருக்கலாமே."

அவர் அச்சடித்த தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நான் கத்தியது அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

"இந்த மாடு இருக்கு தம்பி," என்றார். "இடப்பக்கம் பாக்கிற மாடு. மீனாம்பிகை வீட்டு நிலைக்குக் கீழை."

அப்படித்தான் எனக்கு அவருடைய வியாதி முழுதாகத் தெரியவந்தது.

மீனாம்பிகை எங்கள் ஒழுங்கையில் கடைசி வீட்டுக்காரி. புருசன் கொழும்பில் வேலை, பாதை பூட்டியதால் வந்துபோக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். வீட்டையும் தோட்டத்தையும் இவள்தான் பார்த்தாள். அந்த வீட்டைக் கட்டியவர் அவளுடைய மாமனார் முருகேசு. எங்கள் பக்கத்தில் வீடு கட்டும்போது முன்வாசல் நிலையை நல்ல நேரம் பார்த்து வைப்பார்கள். நிலைக்குக் கீழே பொன் துணிக்கையும் ஒரு காசும் வைப்பது வழக்கம். முருகேசர் தோட்டம் கொத்தும்போது கண்டெடுத்த ஒரு மாட்டுக்காசை அதற்கென்று வைத்திருந்து, ஊர் முழுக்கக் காட்டிவிட்டு, ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து மேலே நிலையை ஏற்றினார். அந்தக் காசில் மாடு மற்றப் பக்கம் பார்த்தது என்று கண்ட கிழடுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்டவர்கள் எல்லாரும் மேலே போய்விட்டார்கள், கதை மட்டும் ஊரில் நின்றது.

"ஆயிரம் காசு ஒரு பக்கம் பாக்க, ஒண்டு மட்டும் மற்றப் பக்கம் பாத்தா, அதை வெட்டினவன் வேறை ஆள், இல்லாட்டி வேறை காலம்," என்று நீக்கிலாப்பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினார். "நான் பாத்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அந்த ஒண்டு இல்லாமல் என்ரை புத்தகம் முடியாது."

சரி, ஊரார் சொன்னதை எழுதிவிடுங்கள் என்றேன். முடியாதாம். கையில் எடுத்துப் பார்க்காததை எழுதக்கூடாது என்று அவரே எழுதி, நானே அச்சடித்துவிட்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டு மற்றதையெல்லாம் கோத்துவைக்கச் சொன்னார். ஒரு வீட்டு நிலை எப்போது விழும் என்று காத்திருக்கிற புத்தகத்தை உலகத்தில் நான் ஒருவன்தான் அச்சடித்திருப்பேன்.

ஒவ்வொரு பின்னேரமும் அந்த வழியால் நடப்பார். மீனாம்பிகையின் படலைக்கு முன்னால் வந்ததும் நடை மெதுவாகும், கண் வாசற்படிக்குப் போகும். அவளுடைய நாய்கூட இவரைக் கண்டு குரைப்பதை நிறுத்திவிட்டது. ஒருநாள் அவளே என்னிடம் வந்து கேட்டாள்.

"அண்ணை, உந்தக் குருநகர் ஐயா ஏன் எங்கடை வாசலை உப்பிடிப் பாக்கிறார்? வீடு வாங்கிற யோசினையோ?"

விசயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, நிலையைக் கிளப்பி எப்படிக் காட்டுவது, வீடு குலைந்துபோகுமே என்றாள். அவளைக் குறைசொல்ல முடியாது. ஒருமுறை வைத்த நிலையை ஆர்தான் காரணமில்லாமல் அசைப்பார்கள்.

இதற்கிடையில் நீக்கிலாப்பிள்ளையின் கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியது. ஒப்பரேசன் செய்யலாம், ஆனால் அதற்கு வேண்டிய சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று டொக்ரர் சொல்லிவிட்டார். அவர் செதுக்கும்போது மூக்கு றப்பரில் முட்டும். ஒருநாள் பிளேட் விரலை வெட்டிவிட்டது. இரத்தத்தைச் சேட்டில் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு மாடுதான் தம்பி, அதுமட்டும் கண் நிண்டாப் போதும்," என்றார். நான் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறமாதிரிக் குனிந்துகொண்டேன்.

தொண்ணூற்றிமூன்றாம் ஆண்டு மாரிக்குச் சற்று முன்னால், ஒரு காலைநேரம் பொம்மர் வந்து எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் குண்டு போட்டது. எல்லாரும் பங்கருக்குள் இருந்ததால் ஆருக்கும் காயமில்லை. மீனாம்பிகை வீட்டின் முன்சுவர் விழுந்து, நிலை நடுவால் பிளந்து தொங்கியது. மழை வரமுன் திருத்தவேண்டும் என்று மேசன் ஏரம்புவைப் பிடித்தாள். சீமெந்துக்குத் தடை, ஆகையால் சுண்ணாம்புதான். பழைய நிலையை எடுத்துப் புது நிலை வைக்க வெள்ளிக்கிழமை காலையில் நாள் பார்த்துக் கொடுத்தார்கள். பழைய காசையே கழுவிப் புது நிலைக்குக் கீழே திரும்ப வைக்கவேண்டும், அது அந்த வீட்டு வாசலுக்குப் போன காசு.

அதாவது அந்தக் காசு வெளிச்சத்தைக் காண்பது வியாழனுக்கும் வெள்ளிக்கும் நடுவில்தான்.

வியாழன் பகல் ஏரம்பு நிலையைக் கிளப்பினார். கரண்டி நுனியால் சாந்தைத் தட்டிக் காசை எடுத்து மீனாம்பிகையின் கையில் வைத்தார். அவள் உடனே எனக்கு ஆள் அனுப்பினாள், ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. நான் மிதித்துக்கொண்டிருந்த கலியாணக் காட்டை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஓடினேன். நீக்கிலாப்பிள்ளை சவரம் செய்து, வெளுத்த சேட் போட்டு, வெள்ளித்தாளைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் போகிறமாதிரி வந்தார். சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன்.

மீனாம்பிகை முற்றத்தில் கதிரை போட்டு வைத்திருந்தாள். தேத்தண்ணி தந்தாள். பிறகு ஒரு வெற்றிலையின் மேல் காசை வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

காசு பளபளவென்று இருந்தது.

"களிம்பு பிடிச்சுப் பச்சையாக் கிடந்தது ஐயா," என்றாள். "அப்பிடியே உங்கடை கையில தரலாமோ? புளியும் சாம்பலும் போட்டு, தும்பால நல்லாத் தேச்சனான். நாளைக்கு வாசலுக்கும் வைக்கவேணுமெல்லோ."

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீடுகளில் குத்துவிளக்கிலிருந்து செம்பு வரைக்கும் புளி போட்டு மினுக்காமல் விடமாட்டார்கள். அதிலும் ஒரு பெரியவர் பார்க்க வருகிறார், நாளைக்கு வாசலுக்குப் போகிற காசு, அதைக் களிம்போடு கொடுப்பது அவளுக்கு மரியாதைக் கேடு. நீக்கிலாப்பிள்ளை புத்தகத்தில் எழுதியது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தேய்த்தது அழுக்கை அல்ல, மாட்டை. நல்ல மனதோடு தேய்த்துவிட்டாள்.

நீக்கிலாப்பிள்ளை காசை விளிம்பில் பிடித்தார். கண்ணோடு ஒட்டிப் பார்த்தார். வெயிலுக்குச் சரித்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவினார். மேல் பக்கம் ஒரு திமில் மாதிரி, கீழே கால் மாதிரி ஏதோ. தலை இருக்கவேண்டிய இடம் இடமும் வலமும் வழுவழுவென்று கிடந்தது.

இப்போது வெடிக்கப்போகிறார் என்று நான் பார்த்தேன். அவர் வெடிக்காவிட்டால் நானே வெடித்திருப்பேன், வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து அமத்தினார்.

"நல்ல காசு பிள்ளை," என்றார். "கையில எடுக்கக் கிடைச்சதே பெரிய காரியம்."

ஆனால் பெண்பிள்ளைகளுக்கு முகம் பார்க்கத் தெரியும். என் முகத்தில் அவள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டாள்.

"நான் என்னவும் பிழை செய்துபோட்டனோ?"

அவர் மறைக்கவில்லை. மெதுவாகச் சொன்னார், மாடு களிம்போடு போய்விட்டது என்று. மீனாம்பிகை வாயில் சேலைத்தலைப்பை வைத்தாள்.

"இடப்பக்கம்தான் ஐயா பாத்தது. நான் வடிவாக் கண்டனான், கழுவ முன்னம் கண்டனான். சத்தியமா இடப்பக்கம்."

நான் ஏரம்புவைப் பார்த்தேன். "நான் மாட்டைப் பாக்கேல்லை, மட்டத்தைப் பாத்தனான்," என்றார் அவர்.

"நீர் பொய் சொல்லேல்லை பிள்ளை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "ஆனா புத்தகத்துக்கு வாய்ப்பேச்சுக் காணாது."

அவள் அழுதுகொண்டே, இந்தக் காசை நீங்களே கொண்டுபோங்கள், வாசலுக்கு வேறு காசு வைக்கிறேன் என்றாள். எத்தனை பின்னேரம் அந்த வாசலைப் பார்த்துப் பார்த்து நடந்த மனிதர். வேறு ஆராவது என்றால் சட்டென்று பொக்கற்றில் போட்டிருப்பார்கள், நானே போட்டிருப்பேன். அவர் வெற்றிலையைத் திரும்ப அவள் கையில் வைத்தார்.

"இது உம்மடை மாமா உம்மடை வாசலுக்கு வைச்ச காசு. ரின்னுக்குள்ளை கிடக்கிற காசு இல்லை."

திரும்பி வரும்போது நான்தான் திட்டிக்கொண்டு வந்தேன், ஆரையென்று இல்லாமல், பொம்மரை, புளியை, என் சைக்கிள் செயினை. அச்சகத்துக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் முதலில் பிழையாகச் செதுக்கிய கட்டை அலுமாரியில் கிடந்தது. அதை அடித்தால் தாளில் இடப்பக்கம் பார்க்கிற மாடு வரும்.

"அண்ணை, அவள் கண்டிருக்கிறாள். நீங்களும் நம்பிறியள். இந்தக் கட்டையைப் போட்டு அடிப்பம். ஆர் வந்து நிலையைக் கிளப்பிப் பாக்கப்போறான்?"

"அதுதான் தம்பி," என்றார். "ஆரும் கிளப்பிப் பாக்கமாட்டினம். அதாலைதான் கூடாது."

அவர் சொல்லச் சொல்ல நான் அந்தப் பக்கத்தைக் கோத்தேன். 'கொக்குவிலில் ஒரு வீட்டு நிலைக்குக் கீழே இருந்த காசு. கையில் எடுத்துப் பார்த்தேன். திமிலும் காலும் தெரிகின்றன. மாடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது.' மினுக்கியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். காசைப் பற்றித்தான் புத்தகம், மனிசரைப் பற்றி இல்லை என்றார். 'தெரியாது' என்ற சொல்லை நான் கோத்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிறகு படமும் வேண்டாம், படத்துக்கு ஒதுக்கிய வட்டத்தை வெறுமையாக விடும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை நிலை வைத்தார்கள். மாவிலை கட்டி, சந்தனம் பூசி, மீனாம்பிகை தன் கையால் காசைச் சாந்தில் வைத்தாள். நீக்கிலாப்பிள்ளை அழைப்புக்குப் போய்ப் பாயாசம் குடித்துவிட்டு வந்தார். போன காரியம் சரிவராத வீட்டில் எப்படிப் பாயாசம் இறங்கியது என்று கேட்டேன். நல்ல பாயாசம் என்றார்.

அடுத்த கிழமை முழுவதும் நான் அந்தப் பக்கத்தை மெஷினில் ஏற்றவில்லை. எழுத்தெல்லாம் அந்தப் பக்கத்தில் கோத்தபடி கிடந்ததால், எழுத்துப் போதாமல் ஒரு கல்வெட்டு வேலை கிடப்பில் கிடந்தது, செத்தவரின் மகன் இரண்டு தரம் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். அப்படியும் ஏற்ற மனம் வரவில்லை. கடைசியில் ஒரு காலை நீக்கிலாப்பிள்ளையே வந்து, "அடியும் தம்பி, வைச்சிருந்து என்ன," என்றார். நான் மையைத் தேய்க்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் மீனாம்பிகை வந்தாள். கையில் ஒரு சுளகு, அதன் மேல் வாழையிலை மூடிக்கிடந்தது. கைவிரல் நகமெல்லாம் சுண்ணாம்பு தின்று வெடித்திருந்தது. இடித்த சாந்தையெல்லாம் ஏரம்பு வேலிக்கரையில் கொட்டியிருந்தார். அந்தக் குவியலை இவள் நாள்முழுக்க இருந்து கட்டி கட்டியாகப் புரட்டியிருக்கிறாள். காசின் துணிக்கை ஏதாவது கழன்று கிடக்குமோ என்று தேடினாளாம்.

அவள் இலையை எடுத்தாள். சுளகில் ஒரு பழைய சாந்துக்கட்டி, காசு முடிகிற ஓலைக் கொட்டைப்பெட்டி அளவு. அதன் நடுவில் காசளவு வட்டமான பள்ளம். மண்ணும் வேர்த்தும்பும் ஒட்டிக்கிடந்தது, ஒரு எறும்புகூட ஊர்ந்தது.

"நான் கை வைக்கேல்லை ஐயா," என்றாள். "துடைக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. கிடந்தபடியே கொண்டந்தனான்."

நீக்கிலாப்பிள்ளை சுளகுக்கு மேலே குனிந்தார். முருகேசர் அந்தக் காசை மாட்டுப் பக்கம் கீழாக ஈரச் சாந்தில் அமத்தி வைத்திருக்கிறார். சாந்து இறுகும்போது மாட்டை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது. திமில், கால், கொம்பு, வால், எல்லாம் பள்ளமாக உள்ளே கிடந்தன. முகமும் கிடந்தது.

"ஆனா ஒரு விசயம் ஐயா," என்றாள் மீனாம்பிகை. குரல் இறங்கிவிட்டது. "இதில மாடு வலப்பக்கம்தான் பாக்குது. நான் பிழையாக் கண்டுபோட்டன் போல. சத்தியமெல்லாம் பண்ணினனான். உங்கடை புத்தகத்தில பிழை வந்திடக்கூடாது எண்டுதான் கொண்டந்து தாறன். வேறை காசு மாதிரித்தான் இதுவும். என்னைக் கோவியாதேங்கோ."

நான் நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த வெள்ளை படர்ந்த கண் இரண்டும் நிரம்பிக் கிடந்தன. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தியது என்று இப்போதும் சொல்ல முடியாது.

"தங்கச்சி," என்றேன், "இது பதிஞ்ச அடையாளம். அச்சில எல்லாம் மறுவளம்."

அவளுக்கு விளங்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை பொக்கற்றிலிருந்து வெள்ளித்தாளை எடுத்தார். அன்றைக்கு வியாழக்கிழமை கொண்டுபோன அதே தாள், மடித்தபடி அப்படியே வைத்திருந்தார். பள்ளத்தின் மேல் அதை விரித்து, ஒரு குழந்தையின் நெற்றியைத் தொடுகிற அளவுக்கு மெதுவாகப் பெருவிரலால் அமத்தினார். பிறகு தாளை எடுத்துத் திருப்பி, சாந்தில் பட்ட பக்கம் மேலே வர அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

தாளில் மாடு பொங்கி நின்றது. அது இடப்பக்கம் பார்த்தது.

மீனாம்பிகை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் கண்டது?" என்று கேட்டாள்.

"நீர் கண்டதுதான் பிள்ளை சரி," என்றார் அவர்.

அவள் கையில் தாளோடு அங்கேயே கீழே இருந்துவிட்டாள்.

பழைய கட்டையைப் போடலாமே என்று நான் இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தேன், அவர் கண்ணை நினைத்துத்தான் கேட்டேன். அது வேறு காசின் மாடு என்று சொல்லிவிட்டார். சாந்துக்கட்டியை முன்னால் வைத்து, மூக்கு றப்பரில் முட்ட முட்டப் புதிதாகச் செதுக்கினார். இந்தமுறை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஆரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சாந்தில் கிடந்தபடியே கட்டையிலும் கிடந்தது.

நான் கோத்துவைத்த பக்கத்தைக் கலைத்தேன். 'தெரியாது' என்ற எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டேன். அவர் புதிதாகச் சொன்னார், நான் கோத்தேன். 'மாடு இடப்பக்கம் நோக்கும் சேதுக்காசு. காசு தேய்ந்துவிட்டது. அதைப் பதித்த சாந்தில் உருவம் முழுமையாக உள்ளது, கையில் எடுத்துப் பார்த்தேன். காசையும் கண்டு, சாந்தையும் கண்டெடுத்தவர் மீனாம்பிகை. சாந்தில் உருவம் மறுபக்கமாகப் பதியும் என்பதை அறியாமல், தன் சொல் பொய்யாகிறது என்று நினைத்தும் கொண்டுவந்து தந்தார்.'

"மனிசரைப் பற்றி இல்லை, காசைப் பற்றித்தான் புத்தகம் எண்டனியள்," என்றேன்.

"எங்கை எடுத்தது எண்டு எழுதவேணுமெல்லோ தம்பி," என்றார். "அது காசில பாதி."

என் அச்சகத்தில் ஒரு பெரிய எழுத்துப் பெட்டி இருந்தது. கலியாணக் காட்டில் மணமக்கள் பெயருக்கென்று வைத்திருந்தது, தேயும் என்று வேறு எதற்கும் தொடமாட்டேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் அதைத் திறந்தேன். மீனாம்பிகை என்ற பெயரை அதில் கோத்துவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினேன்.